கிடப்பதும் கிடத்துவதும்: நாகர்கோவில் ஆங்கில இலக்கண வகுப்பு ஒன்றைப் பற்றிய மதிப்புரை

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் தம் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு மாலைகளில் நடத்தும் இலக்கண வகுப்பில் ஆறு வாரம் படித்து முடித்திருக்கிறேன். அந்த வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், நாங்கள் கூப்பிட்டபடியே இங்கும் டீச்சர் என்றே குறிப்பிடுகிறேன். மொத்தம் பன்னிரண்டு வகுப்புகள். கட்டணம் மூவாயிரம் ரூபாய். வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளுக்குத் தயாராகும் செவிலியர்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருப்பதால், அவர்களுக்கு இந்த வகுப்பு எதில் உதவும், எதில் உதவாது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டில் இரண்டு வகுப்புகள் முழுவதும் ‘லை’ (lie), ‘லே’ (lay) என்ற இரண்டே வினைச்சொற்களுக்குப் போயின. முதலாவது கிடத்தல், படுத்தல் என்ற பொருளுடையது. இரண்டாவது கிடத்துதல், வைத்தல் என்ற பொருளுடையது. இரண்டு சொல்லுக்கு நான்கு மணி நேரமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த நான்கு மணி நேரத்துக்காகவே மூவாயிரம் ரூபாயைக் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

எட்டு ஆண்டுகளாக நான் ஸ்டாஃப் நர்ஸாக வேலை செய்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில், இரவுப் பணியின்போது வயதான நோயாளி ஒருவர் கட்டிலிலிருந்து இறங்க முயன்று தரையில் விழுந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே தரையில் கிடந்தார். மருத்துவரை அழைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, நேரம் குறித்து, ‘பேஷண்ட் வாஸ் லெய்ட் ஆன் தி ஃப்ளோர்’ என்று நோட்ஸில் எழுதினேன். மறுநாள் காலையில் அதைப் படித்த மேற்பார்வையாளர் என்னை அழைத்து, “நோயாளியைத் தரையில் கிடத்தியது யார்?” என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. யாரும் கிடத்தவில்லை, அவர் விழுந்து கிடந்தார் என்று சொன்னேன். ஆனால் நான் எழுதி வைத்திருந்த வாக்கியம் அப்படிச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் அவரைக் கொண்டுபோய்த் தரையில் கிடத்தியதாகவே அது சொன்னது. அந்த ஒரு சொல்லுக்காக விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நோயாளிக்குப் பெரிய காயம் இல்லாததால் அத்துடன் முடிந்தது. இருந்திருந்தால் என் கையெழுத்துடன் நின்ற அந்த வாக்கியம் எங்கே போய் முடிந்திருக்குமோ என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதன் பிறகு வேறொரு ஊரில், குளிரூட்டிய அறையும் பெரிய திரையும் கொண்ட பயிற்சி மையம் ஒன்றில் இரண்டு மாதம் படித்தேன். அங்கே வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் அச்சிட்ட அட்டவணையாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ‘லை, லே, லெய்ன்’ ஒரு வரி. ‘லே, லெய்ட், லெய்ட்’ அதற்கு அடுத்த வரி. இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் எந்த வரியை எடுப்பது என்று தெரியாது. ஏனென்றால் இந்த இரண்டு வரிகளும் ஏன் இரண்டாக இருக்கின்றன என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. 1809-லேயே மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் பள்ளிக்கூடம் தொடங்கிய மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டமும் இதுதான். இங்கேயும் ஆங்கில இலக்கணத்தைப் பெரும்பாலும் அட்டவணையாகவே கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

டீச்சர் அட்டவணையில் தொடங்கவில்லை. முதல் நாள் கரும்பலகையில் எதையும் எழுதாமல், எங்களுள் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒருத்தியைப் பார்த்து, “மக்களே, பிள்ள பாய்ல கிடக்கே, அது தானா கிடக்கா, நீ கிடத்தினியா?” என்று கேட்டார். “நாந்தான் கிடத்தினேன் டீச்சர்” என்று அவள் சொன்னாள். “கிடக்கது பிள்ள. கிடத்தினது நீ. ஒனக்கு லே, பிள்ளைக்கு லை. இவ்வளவுதான் பாடம், மிச்சமெல்லாம் கணக்கு” என்றார்.

வேறு மாவட்டங்களில் ‘கிடத்து’ என்ற சொல் பெரும்பாலும் எழுத்தில்தான் புழங்குகிறது. பேச்சில் ‘படுக்க வை’ என்றுதான் சொல்வார்கள். குமரி மாவட்டத்தில் அது இன்றும் வீட்டுச்சொல். பிள்ளையைக் கிடத்துவோம். மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்திலிருந்து வந்த பெண்களுக்கு மலையாளமும் பழக்கம் என்பதால், உள்நோயாளியாகச் சேர்த்துப் பார்க்கும் மருத்துவத்தைக் கேரளத்தில் ‘கிடத்தி சிகிச்சை’ என்று சொல்வதையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் இத்தனை காலம் எங்களைத் திண்டாட வைத்த வேறுபாடு, எங்கள் வாயில் பிறந்தது முதலே இருந்திருக்கிறது என்பதை அந்த அரைமணி நேரத்தில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது.

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்ததை டீச்சர் இங்கே கொண்டுவந்து பொருத்தினார். திருந்தினான், திருத்தினான்; உருண்டது, உருட்டினான்; மாறியது, மாற்றினான்; நிரம்பியது, நிரப்பினான் என்று தமிழில் இந்த இணைகளுக்குக் கணக்கே இல்லை. ஆங்கிலத்தில் ‘ரோல்’, ‘மூவ்’, ‘சேஞ்ச்’ போன்ற பெரும்பாலான வினைகள் தாமாக நிகழ்வதற்கும் பிறர் நிகழ்த்துவதற்கும் ஒரே வடிவத்தில் வந்துவிடுகின்றன. ஆனால் ஆங்கிலத்தின் மூதாதையான பழைய ஜெர்மானிய மொழியில், ஒரு வினையோடு விகுதி சேர்த்துச் ‘செய்வித்தல்’ பொருள் தரும் இன்னொரு வினையை ஆக்கும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கம் மறைந்துபோய், அதன் எச்சமாகச் சில இணைகள் மட்டும் தங்கிவிட்டன. விழுதலுக்கு ‘ஃபால்’, மரத்தை வெட்டி வீழ்த்துதலுக்கு ‘ஃபெல்’. உட்காருதலுக்கு ‘சிட்’, வைத்தலுக்கு ‘செட்’. எழுதலுக்கு ‘ரைஸ்’, எழுப்புதலுக்கு ‘ரெய்ஸ்’. ‘லை’யும் ‘லே’யும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இதிலிருந்து டீச்சர் எடுத்துக்காட்டிய ஒரு செய்தி எனக்குப் புதிது. பிறவினையாக ஆக்கப்பட்ட சொற்கள் பெரும்பாலும் ‘ட்’ ஒலி சேர்ந்து ஒழுங்காக இறந்தகாலம் காட்டும்: ‘லெய்ட்’, ‘ரெய்ஸ்ட்’, ‘ஃபெல்ட்’. அடிப்படையான தன்வினையோ உயிரொலியையே மாற்றிக்கொள்ளும்: ‘லை’ என்பது ‘லே’ ஆகும், ‘ரைஸ்’ என்பது ‘ரோஸ்’ ஆகும், ‘ஃபால்’ என்பது ‘ஃபெல்’ ஆகும். ‘செட்’ மட்டும் இதற்கு அடங்காமல் எல்லாக் காலத்திலும் ‘செட்’டாகவே நிற்கிறது. தமிழிலும் கிட என்பது கிடந்தான் என்றும், கிடத்து என்பது கிடத்தினான் என்றும் வேறு வேறு வழியில்தானே போகின்றன என்று அவர் கேட்டார். எழு, எழுந்தான், எழுப்பு, எழுப்பினான் என்று நாங்களே அடுத்த இணையைச் சொன்னோம். மனப்பாடம் செய்த அட்டவணையின் இரண்டு வரிகளுக்கும் அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது.

இனி முடிச்சுக்கு வருகிறேன். தன்வினையான ‘லை’யின் இறந்தகால வடிவமும், பிறவினையான ‘லே’யின் நிகழ்கால வடிவமும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றே. படிக்கும்போது ‘லே’ என்ற சொல் எதிரில் வந்தால் அது கிடந்ததா, கிடத்துவதா? இதற்காகத்தான் இரண்டாம் வகுப்பு முழுவதும் செலவானது. டீச்சர் வாக்கியங்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டிருந்தார். ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்து, உரக்கப் படித்து, எந்த ‘லே’ என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். எனக்கு வந்த சீட்டில் ‘ஹீ லே ஆன் தி பெட் ஆல் டே’ என்று இருந்தது. “எதை?” என்று டீச்சர் கேட்டார். எதை என்பதற்கு அந்த வாக்கியத்தில் விடை இல்லை. ஐ உருபு ஏற்கக்கூடிய பெயரே அதில் இல்லை. ஆகவே அது செயப்படுபொருள் குன்றிய வினை, நாள் முழுவதும் கிடந்தான் என்று பொருள் என்றேன். “சரி. எதைன்னு கேக்காம, வேற வழியில சொல்லு” என்றார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெண் சொன்னாள்: ‘ஹீ’ என்பதற்குப் பின் நிகழ்கால வினை வந்தால் ‘எஸ்’ சேர்ந்து ‘லேஸ்’ என்று ஆகியிருக்கும், ‘எஸ்’ இல்லாததால் இது இறந்தகாலம், எனவே ‘லை’யின் பிள்ளை. எழுவாய் ‘ஐ’ அல்லது ‘தே’ என்று இருந்தால் இந்த வழி பயன்படாது, ‘எதை’ என்ற கேள்விதான் கைகொடுக்கும் என்பதையும் அடுத்த சீட்டிலேயே காட்டிவிட்டார்.

என் பழைய நோட்ஸ் வாக்கியத்தையும் அங்கே சொன்னேன். அதற்கு டீச்சர் தந்த விளக்கம் நான் கேட்ட இலக்கண விளக்கங்களிலேயே தெளிவானது. செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டு வினை வராது. தமிழில் ‘கிடக்கப்பட்டார்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘கிடத்தப்பட்டார்’ என்றுதான் சொல்ல முடியும். அதேபோல் ஆங்கிலத்தில் ‘வாஸ்’ என்பதோடு ‘லெய்ட்’ மட்டுமே சேரும், ‘லெய்ன்’ சேராது. ஆகவே ‘வாஸ் லெய்ட்’ என்று எழுதிய கணத்திலேயே, கிடத்திய ஓர் ஆளை நான் அந்த வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். பெயர் சொல்லாவிட்டாலும் அந்த ஆள் உள்ளே நிற்கிறார். எழுதியிருக்க வேண்டியது ‘வாஸ் ஃபவுண்ட் லையிங் ஆன் தி ஃப்ளோர்’, அதாவது தரையில் கிடக்கக் காணப்பட்டார் என்பது. நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்து நாமே படுக்க வைத்தால் ‘வீ லெய்ட் ஹிம் ஆன் ஹிஸ் லெஃப்ட் சைட்’ என்று எழுதலாம். அவரே திரும்பிப் படுத்திருந்தால் ‘ஹீ வாஸ் லையிங்’ என்றுதான் எழுத வேண்டும். யார் செய்த செயல் என்பதை ஒரு செவிலியரின் குறிப்பு மறைக்கவும் கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. இதை நான் தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை.

உயிருள்ளவை மட்டும் ‘லை’ என்பதற்கு எழுவாயாகும் என்று எங்களுள் சிலர் எண்ணியிருந்தோம். கன்னியாகுமரிக் கடலைக் காட்டி அந்த எண்ணத்தைத் திருத்தினார் டீச்சர். விவேகானந்தர் பாறை கரைக்கு எதிரே கடலில் இருக்கிறது, அதற்கு ‘லைஸ்’. பாறையை யாரும் கொண்டுவந்து போடவில்லை. அதற்கு அடுத்த பாறையில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலைக்கு 1979-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு ‘வாஸ் லெய்ட்’. இயற்கை வைத்தது ‘லைஸ்’, மனிதர் வைத்தது ‘லெய்ட்’ என்று எங்கள் பக்கத்தில் ஒருத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். அது முழுச் சரியல்ல என்று டீச்சர் உடனே திருத்தினார், ஏனெனில் மனிதர் வைத்த புத்தகமும் மேசைமேல் ‘லை’ ஆகிக் கிடக்கலாம். வைத்த செயலைச் சொல்கிறோமா, கிடக்கும் நிலையைச் சொல்கிறோமா என்பதே கேள்வி.

தமிழில் ‘லே’ என்பதற்கு ஒரே சொல் போதாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அடிக்கல்லை நாட்டுகிறோம், தண்டவாளத்தைப் பதிக்கிறோம், வலையைப் பரப்புகிறோம், செங்கலை அடுக்குகிறோம், பழியைச் சுமத்துகிறோம், கோழி முட்டையிடுகிறது. ஆங்கிலம் இத்தனைக்கும் ‘லே’யையே வைத்துக்கொள்கிறது. கோழி விஷயத்தில் மட்டும், முட்டை என்று சொல்லாமலே ‘தி ஹென்ஸ் ஆர் லேயிங்’ என்று சொல்லலாம். செயப்படுபொருள் சொல்லாமலே புரிந்துவிடும். பொய் சொல்லுதல் என்ற பொருளில் வரும் இன்னொரு ‘லை’ தனிச்சொல் என்றும், அதன் இறந்தகாலம் ‘லைட்’ என்று ஒழுங்காக வரும் என்றும் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இணைக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தமிழின் ஏறு, ஏற்று என்ற இணை அதற்கு அப்படியே பொருந்தியது. ரப்பர் விலை ஏறியது என்றால் ‘ரோஸ்’. கடைக்காரர் விலையை ஏற்றினார் என்றால் ‘ரெய்ஸ்ட்’. கோட்டாறு சவேரியார் திருவிழாவிலும் சுசீந்திரம் மார்கழித் திருவிழாவிலும் கொடியேற்றம் உண்டு. ஏற்றுகிறவருக்கு ‘ரெய்ஸ்’, கம்பத்தில் மேலே போகும் கொடிக்கு ‘ரைஸ்’. வார்டில் காய்ச்சல் ஏறினால் ‘ரோஸ்’, கட்டிலின் பக்கவாட்டுக் கம்பிகளை நாம் தூக்கிவிட்டால் ‘ரெய்ஸ்ட்’. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் வரைபடத்தை விவரித்து 150 சொற்களாவது எழுத வேண்டியிருப்பதால், அங்கே ‘ரோஸ்’ என்ற சொல் இல்லாமல் பத்து வரி தாண்டுவது கடினம். ஓஇடி எழுதுகிறவர்களுக்கு 45 நிமிடத்தில் எழுதும் கடிதத்தில் ‘லையிங்’, ‘ரெய்ஸ்ட்’ இரண்டும் வந்துகொண்டே இருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது பெரியது. ‘ஐ வாண்ட் டு லே டவுன்’ என்று சொன்னால் டீச்சர் பிழை என்று அடித்துவிட்டு மேலே போய்விடுகிறார். தேர்வுத்தாளில் அது பிழைதான். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் ‘லை டவுன்’ என்பதற்குப் பதிலாக ‘லே டவுன்’ என்று பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நாளை வெளிநாட்டு மருத்துவமனையில் ஒரு நோயாளி அப்படிச் சொன்னால், படுக்க வேண்டும் என்கிறார் என்று செவிலியருக்கு உடனே விளங்க வேண்டும். எதைக் கிடத்த வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. எழுதுவதற்கான விதியைக் கற்றுக்கொடுக்கும்போது, காதில் விழக்கூடிய வழக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இதை வகுப்பிலேயே மரியாதையோடு கேட்டேன். “நீ சொல்லது சரிதான் மக்களே, ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல சொன்னா ரெண்டும் நிக்காது” என்றார். ஆறு வாரத்தில் வேறொரு நாளாவது சொல்லியிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

இரண்டாவதாக, கேட்டல், பேசுதல் பயிற்சி அறவே கிடையாது. மாதிரித் தேர்வும் இல்லை. இலக்கணமும் எழுத்தும் மட்டுமே நடக்கின்றன. ஆகவே தேர்வுக்கு இந்த வகுப்பை மட்டும் நம்பிப் போக முடியாது. வேறொரு பயிற்சியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் மாறுகிறவர்களுக்கு விட்டுப்போன வகுப்பைத் திரும்ப நடத்துவதில்லை. நான் தவறவிட்ட ஒரு வகுப்பைத் தோழியின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டேன். மாடிக்குப் போகும் படிகள் செங்குத்தாக இருக்கின்றன. மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் பின்வரிசைக்கு எதுவும் கேட்பதில்லை, ஐப்பசியில் வகுப்பு நடந்ததால் மூன்று மாலைகள் அப்படிப் போயின. கொடுக்கும் தாள்கள் டீச்சரின் கையெழுத்தில் நகலெடுத்தவை. சிலவற்றில் ஓரம் அழிந்திருந்தது.

பதினான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதால் எழுதிய ஒவ்வொரு பத்தியையும் டீச்சரே திருத்தித் தருகிறார். பிழையைச் சிவப்பில் அடிப்பதோடு நிற்காமல், அருகில் ‘எதை?’ என்று மட்டும் எழுதி நம்மிடமே திருப்பிக் கொடுக்கிறார். சரியான சொல்லை நாமே கண்டுபிடித்து மறுபடி காட்ட வேண்டும். என் நோட்டில் முதல் வாரம் பதினொரு ‘எதை?’ இருந்தன, கடைசி வாரம் ஒன்று இருந்தது. பேசப் பழக விரும்புகிறவர்களும், உடனே மதிப்பெண் வேண்டும் என்பவர்களும் வேறு இடம் பார்ப்பது நல்லது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கை தயங்குகிறவர்கள் தயங்காமல் போகலாம். அடுத்த வகுப்பு தைப் பொங்கல் கழிந்து வரும் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. நேரில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும், ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொண்டுபோனால் போதும்.